இருக்கிறவளுக்குப் பூவாடை

முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது, மனைவி இறந்துபோனதாக அவர் சொன்னதும் நான் துக்கம் விசாரித்தேன். அவரும் முறையாகப் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள், பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள், காரியமெல்லாம் ஆகிவிட்டது என்றார். வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

அவருக்கு இடது பக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணி, அவர் வாயோரம் வழிந்த எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டு, எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்தபடி வாங்கிக் குடித்தேன். அப்போது அவருடைய மகள் உள்ளே வந்தாள். வந்ததும் அந்தப் பெண்மணியைப் பார்த்து, "எம்மா, டாக்டருக்கு டீ போடலியா?" என்றாள்.

"தோ போடறேன்டி," என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

நான் யாருக்குத் துக்கம் விசாரித்தேனோ அவளே எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டாள். இருக்கிறது என்றேன், ஆனால் அந்த டீயை என்னால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஊரில் யாரும் அந்த வித்தியாசத்தைக் கேட்கத் தயாராக இல்லாததால் நானும் சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். மூளையில் ரத்தக் குழாய் அடைத்தோ வெடித்தோ கைகால் விழுந்தவர்களை மறுபடி எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தோம். அதற்காக ஸ்கூட்டியில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். போகிற வீட்டிலெல்லாம் "காத்து அடிச்சிடுச்சிமா" என்பார்கள். காற்றுமில்லை கருப்புமில்லை, ரத்தக்கட்டி என்று நானும் விடாமல் சண்டை போடுவேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்பேர்ப்பட்ட என்னைத்தான் அந்த வீடு கூப்பிட்டு உட்காரவைத்தது.

அவர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டியவர். பாகூர் ஏரிக்கு அந்தாண்டை இருக்கும் கழனிகளில் அவர் சால் படாத மண் குறைவு என்று மகள் சொன்னாள். மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை வண்டிச் சாவியை எடுக்கப் போனவர் விழுந்துவிட்டார். மூளையின் வலது பாதியில் அடி. அந்தப் பக்கம் அடிபட்டால் இடது கைகால் விழும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. சிலருக்கு உலகத்தின் இடது பாதியே போய்விடும். கண் நன்றாகத்தான் இருக்கும், காதும் கேட்கும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றாது. தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் போடு என்பார்கள். பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டு எழுந்து போவார்கள். கடிகாரம் வரையச் சொன்னால் எல்லா எண்களையும் வலது பக்கமே திணிப்பார்கள். இவரும் அப்படித்தான் வரைந்தார். வரைந்துவிட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று பெருமையாக என்னைப் பார்த்தார்.

இடது பக்கம் நின்றால் மனைவி அவருக்கு இல்லை. சரி, வலது பக்கம் வந்து நில்லுங்கள் என்று அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார்.

"வாங்க ஆயாம்மா, உக்காருங்க. சாப்ட்டீங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றி, மலஜலம் எடுக்கும் பெண்களை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவியை அவர் அப்படி ஓர் ஆளாகவே முடிவு செய்திருந்தார். "இவங்க ரொம்ப நல்ல மாதிரி, டாக்டரம்மா. எம் பொண்டாட்டி சாடையாவே இருக்காங்க. அதான் பாக்கவே கஷ்டமா இருக்குது," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தனியாக என்றால், அவள் மறுபடி அவருக்கு இடது பக்கம் போய், முழங்கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தபோது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். முகம் அடையாளம் தெரியும், ஆனால் இது நம்முடையது என்கிற உணர்ச்சி கூடவே எழும்பாது, அதனால் மூளை இது வேறு ஆள் என்று தீர்ப்பு எழுதிவிடும் என்று விளக்கினார். அப்படியானால் மகளை மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பெரும்பாலும் மிக நெருங்கிய ஒருவருக்குத்தான் அப்படி ஆகும் என்றார். வாதாடிப் பயனில்லை, வாதாடினால் கதை இன்னும் கெட்டிப்படும் என்றும் சொன்னார். இந்த விளக்கத்தை நானே மாணவர்களுக்குப் பல தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் அது எனக்குத் துளி தைரியமும் தரவில்லை.

அடுத்த முறை போனபோது அவர்களுடைய கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவந்து அவரிடம் கொடுக்கும்படி மனைவியிடம் சொன்னேன். அதில் மனைவி இடது பக்கம். "நான் மட்டும்தான் இருக்கேன். அவளக் காணோமே," என்றார். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். மனைவி வலது பக்கம் வந்தாள். அப்போது பார்த்தார். கண்ணாடிமேல் விரலை வைத்து அந்த முகத்தைத் தடவி, "இவதான். இவதான் போயிட்டா," என்று அழுதார். படத்தில் இருப்பவளைத் தெரிந்தது, படத்தைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவளைத் தெரியவில்லை. அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

திரும்பி வந்தவள் என்னை வாசல் வரை கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை திருக்கனூரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. மணவறையில் அப்பா மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா சொம்புத் தண்ணீரைத் தாரையாக வார்க்க வேண்டும். இவரோ, பொண்டாட்டி செத்தவன் தாரை வார்க்கக் கூடாது, என் தம்பியும் அவன் சம்சாரமும் வார்க்கட்டும் என்று பிடித்த பிடியில் நிற்கிறார்.

"அவருக்குக் கை வரலேன்னாலும் பரவால்ல, காலு வரலேன்னாலும் பரவால்ல. நான் தூக்கி வச்சிப் பாத்துக்கறேன். எம் பொண்ணுக்கு நான் தார வாக்கணும், டாக்டரம்மா. நான் உசுரோட இருக்கச்சொல்ல இன்னொருத்தி வந்து வாக்கறதா?" என்றாள். அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதே இடத்தில் நானாக இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன்.

என் கையில் இருந்தது என் வைத்தியம் ஒன்றுதான். இப்படிப்பட்ட நோயாளியின் கட்டிலை, வீட்டின் நடமாட்டமெல்லாம் அவருடைய இடது பக்கம் வரும்படி திருப்பிப் போட வேண்டும். வாசல், டிவி, அடுப்படி எல்லாம் இடது பக்கம். பேசுகிறவர்கள் இடது பக்கமிருந்துதான் பேச வேண்டும், சாப்பாடு அங்கிருந்துதான் வர வேண்டும். சத்தமும் ஆசையும் இழுக்க இழுக்கத் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். பலருக்குத் திரும்பியிருக்கிறது. அவர்கள் அதுவரை, படுத்தால் இடது பக்கம் சுவர் வரும்படி கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் தம்பியும் நானும் கட்டிலைத் தூக்கித் திருப்பினோம். மனைவியை இனி இடது பக்கமே இருங்கள் என்றேன்.

பிறகு நடந்தது என் பாடப் புத்தகத்தில் இல்லை. அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்ததுமே அவர் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது.

"அவ வூட்ட வுட்டுப் போவல, டாக்டரம்மா," என்றார் ரகசியமாக. "வளையல் சத்தம் கேக்குது. தண்ணி மொள்ற சத்தம் கேக்குது. முந்தாநாளு இருமுனா. ஆளு மட்டும் இல்ல."

அவருக்கு இடது பக்கம் தரையில் அவள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளால் பொறுக்க முடியவில்லை, "நாந்தாங்க இங்க இருக்கேன்," என்றாள்.

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "கேட்டீங்களா? அதே கொரலு," என்றார். அவருடைய முன்கை மயிர் குத்திட்டு நின்றதை நான் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் மயிரும்தான் நின்றது. பட்டப்பகல், வெளியே யாரோ மோட்டார் போட்டு அது ஓடுகிற சத்தம், பக்கத்து வீட்டு டிவியில் விளம்பரம், கீரை உருவும் பெண் கண்ணெதிரே இருக்கிறாள். அப்படியும் ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது, அவள் இருக்கிறாளா என்று. அவசரமாக அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக, வியர்வையாக, சரியாகத்தான் இருந்தது.

கட்டிலைப் பழையபடி சுவரோடு ஒட்டிப் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டார். முடியாது என்றேன். பயத்திலாவது அந்தப் பக்கம் காது கொடுக்கிறார், அது போதும், விடக்கூடாது என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் என்னால் தலையை நேரே வைத்து உட்கார முடியவில்லை. என் இடது பக்கத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

கல்யாணம் நெருங்கியதும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். செத்துப்போன மனைவிக்குப் பூவாடை எடுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில், புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாய்ச் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். அவளைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைத்துப் புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். அழைப்பது ஏரியிலிருந்தோ குளத்திலிருந்தோ. பம்பைக்காரர்கள் கரையில் நின்று பம்பை அடித்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு பூச்சுற்றிக் கொண்டுவந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். இந்த வீட்டுக்கும் எப்போதோ போன ஒரு பூவாடைக்காரி இருக்கிறாள், அவளுக்கு எப்படியும் படையல் உண்டு. இவர் கேட்டது அவளோடு சேர்த்துத் தன் மனைவியின் பேரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. மனைவிக்குச் செய்யாமல்தான் அவள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறாள் என்பது அவர் கட்சி.

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். மகள், "எங்கம்மா உசுரோட இருக்காங்கப்பா" என்று கத்திவிட்டு வெளியே போய் அழுதாள். பம்பைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் பம்பையை எடுத்து மறுபடி உறையில் போட்டார். உயிரோடு இருக்கிறவள் பேரைச் சொல்லித் தண்ணீரிலிருந்து கூப்பிட்டால் அவள் போய்விடுவாள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றார்.

"சொல்லு," என்றாள் அவர் மனைவி. "நாந்தான் சொல்றேன், எம் பேரச் சொல்லு. ஒனக்குப் பாவம் வராது."

எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் மூட நம்பிக்கை, நான் எதற்கு என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லாமல் போனேன். பொழுது சாயும் நேரம். வரப்பில் வரிசையாக நடந்து ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் எந்த நிறமும் இல்லாமல் கிடந்தது. முதலில் பழைய பூவாடைக்காரியைக் கூப்பிட்டார்கள். பம்பை அடங்கியதும் பம்பைக்காரர் திரும்பி, என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் தண்ணீரைப் பார்த்து நின்று அவள் பேரை, அவள் அப்பன் பேரோடு, வந்த ஊரோடு, வாழ்ந்த வீட்டோடு சேர்த்து இழுத்துக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்று வரும் வழியிலேயே கிழவிகள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. தன் பேரைச் சொல்லித் தன்னைத் தண்ணீரிலிருந்து கூப்பிடுவதை நின்று கேட்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது. குடத்தில் தண்ணீர் மொண்டார்கள்.

வீட்டில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே குடம், மஞ்சள் புடவை, கண்ணாடி வளையல், கதம்பம், வாழையிலையில் படையல் எல்லாம் வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அவர் வலது கையை மட்டும் நெஞ்சருகே தூக்கிக் கும்பிட்டார். வழக்கமாக அந்தப் புடவையை வீட்டுப் பெண்களில் ஒருத்தி கட்டிக்கொள்வாள். யார் என்று பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் அவளே புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டிக்கொண்டு வந்து அவருக்கு வலது பக்கம் நின்றாள். தலை நிறையப் பூ, முகமெல்லாம் மஞ்சள். ஆயாம்மா வாங்க என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்."

"என்னயும் இட்டுக்கினு போயிடு."

சுற்றி நின்ற பெண்கள் விம்மினார்கள். அவளும் உடைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உடையவில்லை. அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், புருஷனை ஒருநாளும் நீ என்று சொல்லாதவள், நீ என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வர முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கு நீ நிக்கணும். தார வாக்க நான் வருவேன். ஒன் எடப்பக்கம் வந்து நிப்பேன். திரும்பிப் பாக்கணும்."

"எடப்பக்கம் ஒண்ணும் இல்லியே."

"இருக்குது. பாரு," என்று சொல்லிவிட்டு அவள் அவர் எதிரில் மெல்ல நடந்தாள், வலமிருந்து இடமாக. அவர் கண்கள் அவள் கூடவே வந்தன. மூக்குக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டன. அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள், அவருக்கு அவள் இல்லாமல் போனாள். "போயிட்டா, போயிட்டா" என்று அலறினார். அவள் வளையலைக் குலுக்கினாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தலை கொஞ்சம் திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது. இடது பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்.

டார்ச் லைட்டும் மஞ்சள் பந்தும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நான் செய்யப் பார்த்ததை அவள் ஐந்தடி நடையில் செய்துவிட்டாள். எனக்கு முதலில் வந்தது பொறாமை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாளிலிருந்து நான் பயிற்சி கொடுக்கும் நேரத்துக்கு அவள் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு அவருக்கு இடது பக்கம் வந்து நின்றாள். நான் சொல்வதை அவள் உத்தரவாகச் சொல்வாள். கையைத் தூக்கு என்பாள், அவர் தூக்கப் பார்ப்பார். பயிற்சி முடிந்ததும் அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, பழைய புடவையில் ஆயாம்மாவாக வந்து கஞ்சி ஊட்டுவாள். ஒரு பொய்யைத் தீனி போட்டு வளர்க்கலாமா என்று பேராசிரியர் கேட்டார். கூடாதுதான். அந்த நோயாளியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடலாம், முன்னேற்றம் உன் கட்டிலாலா அவள் புடவையாலா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எடுத்துவிட்டோம். அதற்கு மேலும் நான் போய்க்கொண்டிருந்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

கல்யாணம் வில்லியனூரில் ஒரு மண்டபத்தில். மணவறையில் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் என்று தம்பியும் தம்பி மனைவியும் பட்டுடுத்திக்கொண்டு பக்கத்திலேயே தயாராக நின்றார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணின் அம்மா எங்கே என்று ஐயர் கேட்டார். அவள் சொம்போடு பின்புறமாக வந்து, அவருக்கு இடது பக்கம் நின்றாள். பட்டுப்புடவை வாங்கி வைத்திருந்தும் அதே மஞ்சள் புடவையில்தான் வந்திருந்தாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் வளையலைக் குலுக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அவர் தானாகவே தலையைத் திருப்பினார். முழுதாகத் திருப்பினார். அவளைப் பார்த்தார். வலது கை மேலே வந்தது. அதன்பின் மடியில் கிடந்த இடது கை அசைந்தது. முழங்கை மடங்கி, விரல்கள் பாதி மூடியபடியே, அது எழும்பி வந்து வலது கையோடு சேர்ந்தது. இரண்டு கையாலும் அவளைக் கும்பிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. மனைவியை இப்படி மதிக்கிற மனுஷன் உண்டா என்று பின்னால் யாரோ சத்தமாகச் சொன்னார்கள். குலவை போட்டார்கள். திருக்கனூர் சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போன ஒருத்தியைத்தான் அவர் கும்பிடுகிறார் என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பூவாடைக்கு வந்திருந்த கொஞ்சம் பேர்தான். மகளுக்குத் தெரியும், குனிந்த தலை நிமிரவே இல்லை. அவர் மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். அவள் தண்ணீர் வார்த்தாள். தாரை கடைசி வரை அறுபடாமல் விழுந்தது.

கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் அங்கே போனேன். அவர் கோலூன்றி முற்றம் வரை நடந்துவந்தார். இடது பக்கம் கிடந்த செருப்பை அவரே பார்த்து ஒதுங்கினார். இடது கையில் டம்ளரை நிறுத்திக் காட்டினார். என் தொழிலில் இதற்கு மேல் ஆசைப்பட முடியாது. என்னை வரவேற்றுவிட்டு, "அவ போயிட்டா, டாக்டரம்மா. சொன்ன மாதிரி பொண்ணுக்கு வந்து நின்னுட்டு நிம்மதியாப் போயிட்டா. இப்ப சத்தமே இல்ல," என்றார். முகம் தெளிந்திருந்தது. சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் வெளியே தோய்க்கிற கல்லருகே பழைய புடவையில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் புடவையைப் பூவாடைப் பானைக்குள் வைத்துச் சாமி மூலையில் ஏற்றிவிட்டார்களாம், வழக்கம் அது. அவளுக்கான தெய்வப் பானை அவள் வீட்டிலேயே இருந்தது. அதை எடுத்து மறுபடி கட்டிக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளாவது உங்களை அடையாளம் தெரிந்துகொண்டு இருக்கட்டும் என்றேன்.

"அதக் கட்டிக்கினா கும்புடுறாரு. கட்டாட்டி, சாப்ட்டீங்களா, தூங்குனீங்களான்னு மரியாதையா விசாரிக்கிறாரு. நான் வாக்கப்பட்டு வந்ததுலேந்து இது ரெண்டுல ஒண்ணுகூடச் செஞ்சதில்ல அந்த ஆளு," என்று சிரித்தாள். சோப்பு நுரைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு ரெண்டும் வேணாம், டாக்டரம்மா. முன்ன மாதிரி ஒரே ஒரு வாட்டி, ஏய், எங்கடி போய்த் தொலஞ்சேன்னு கத்துனா போதும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஆயாம்மா, கொஞ்சம் தண்ணி கொடுக்கறீங்களா?"

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தோ வரேங்க," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.